லிஃப்டுக்கும் குருவிக்கும் விழுந்த ஒரே பரிசு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இந்த நிமிடம் வரை உன்னைக் கூப்பிட்டது இருபத்து மூன்று தடவை. நீ எடுத்தது பூஜ்யம்.

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஆசை, இருக்கிறாயா என்பது ஃபோனை எடுத்தால்தானே தெரியும். நேற்று உன் அறைத்தோழிக்குப் போட்டேன். "நல்லா இருக்கா அங்கிள், சாப்பிட்டா, கிளாஸுக்குப் போனா, உங்க பேரைச் சொன்னா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிறா" என்றாள். சரி, உயிரோடு இருக்கிறாய், அது போதும். மெயிலில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை, மெயிலை நம்பாதே என்று மெயிலிலேயே சொன்னால் நீ சிரிப்பாய். அதனால் பேனா. வியாழக்கிழமை மதியத்துக்குள் உன் கையில் இருக்கும் என்று கூரியர் கடைக்காரர் சொன்னார், எனக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால், ஏன் என்று உனக்கே தெரியும்.

வீட்டுச் செய்தி முதலில். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவன் வீட்டுக் குழாயை மாதக் கணக்கில் பார்க்கவில்லை என்று அத்தை எதிர்வீட்டில் உட்கார்ந்து தண்டோரா போட்டுக்கொண்டிருக்கிறாள். அத்தைக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், முதலில் தெரிந்தது என் சட்டைக் காலரில் இருக்கும் கிரீஸ். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன், என் வேலைப் பெட்டியை மட்டும் ஒரு மூலையில் வைத்தேன், கோபப்படாதே. கீழ் வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டது, அதில் ஒன்று உன் நாற்காலியைத் தனது என்று முடிவு செய்துவிட்டது.

இனி சனிக்கிழமை. அதை முடிக்காமல் மற்றது எதுவும் ஓடாது. நீ மெயிலை எனக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாய். நான் ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் இருந்தேன், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, உன் குரல் பாதிதான் கேட்டது. "அப்பா, அம்மா போட்ட கூப்பன்ல விழுந்திருக்குப்பா, எட்டரைக் கோடி, அம்மா பேரைப் போட்டே வந்திருக்குப்பா" என்றாய். அழுதுகொண்டே சிரித்தாய், அது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் மெயிலைத் திறந்து நான்கு வரி பார்த்துவிட்டு, "டிக்கெட்டே வாங்காதவங்களுக்கு எப்படிடீ லாட்டரி விழும், மூளை இருக்கா உனக்கு" என்று கத்தினேன். நீ உடனே, "நாங்க எத்தனை கூப்பன் போட்டிருக்கோம்னு உங்களுக்கு என்ன தெரியும், நீங்க கடைக்கு வெளிய நின்னு வாட்ச் பாத்துட்டிருந்த ஆளு" என்றாய். அதுவும் சரிதான். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டாயே என்ற ஆத்திரத்தில், "செத்துப்போனவங்களுக்கெல்லாம் எவனும் பரிசு அனுப்ப மாட்டான்" என்று சொல்லிவிட்டேன். நீ, "நான் கட்டத்தான் போறேன், பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாய். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன், நான் சொன்னது சரிதானே என்று கேட்டேன். "நீ சொன்னது சரிதான்டா, சொன்ன வாய் இருக்கு பாரு, அதுல ஒரு ஸ்க்ரூ லூஸு, ஊரு லிஃப்டையெல்லாம் டைட் பண்றியே, அதை எப்ப பண்ணப் போற" என்றாள். அப்புறம் எனக்குச் சாப்பாடு போடவில்லை, நானே போட்டுக்கொண்டேன். அந்த வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் பொடிசு. மெயில் பொய் என்பதை எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வாக்கியத்தை மட்டும்.

நீ சொன்ன பிறகு மூன்று நாளாக அந்தக் கூப்பன்கள்தான் கண்ணில் நிற்கின்றன. பெட்டி இருக்கிற கடை ஒன்றைக்கூட உன் அம்மா தாண்டிப் போனதில்லை. மளிகைக் கடை, செருப்புக் கடை, பெயின்ட் கடை, கண்ணாடிக் கடை, எங்கே குலுக்கல் பெட்டி வைத்தாலும் நின்றுவிடுவாள். பெயின்ட் கடையில் என்ன வாங்கினோம், ஒரு பிரஷ், அதற்கு ஒரு கூப்பன். கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா இருக்கும், நூல் எப்போதும் ஒரு விரற்கடை பத்தாது, அவள் உடம்பைச் சாய்த்து எழுதுவாள், உன்னைத் தூக்கிக் கவுன்ட்டர் மேல் உட்கார வைத்து வயது என்ற கட்டத்தை நிரப்பும் உரிமையை உனக்குக் கொடுப்பாள். நீ ஆறே முக்கால் என்று எழுத்தால் எழுதுவாய், கட்டத்துக்குள் அடங்காது, பக்கத்துக் கட்டத்தில் முக்கால் போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அவள் அந்தத் தாளை விசிறி மடிப்பாக மடிப்பாள். "தட்டையா போட்டா அடியில போய்ப் படுத்துக்கும், இப்படி மடிச்சா எடுக்குற கை அதுலதான் மாட்டும்" என்பது அவள் கண்டுபிடிப்பு. நான் ஒரு தொழில்நுட்பக்காரன், பெட்டிக்குள் எல்லாத் தாளுக்கும் ஒரே வாய்ப்புதான் என்று விளக்குவேன். "உங்க கணக்கு உங்க பெட்டிக்கு, என் மடிப்பு என் பெட்டிக்கு" என்பாள். ஒரு தடவைக்கு எட்டு நிமிடம் ஆகும், வாசலில் நின்று வாட்சைப் பார்த்து நானே அளந்திருக்கிறேன். அந்த எட்டு நிமிடத்தை வெட்டி நேரம் என்று அப்போது சொன்னவனும் நான்தான்.

ஒரே ஒரு தடவை விழுந்தது, நினைவிருக்கிறதா, அந்த இஸ்திரிப் பெட்டி. மளிகைக் கடையின் மூன்றாம் பரிசு. அப்போது உன் அம்மாவுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் சண்டை, சோப்புத் தூள் பொட்டலம் கிழிந்திருந்தது என்று இவள், வீட்டுக்குப் போய்க் கிழித்துவிட்டீர்கள் என்று அவர், அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று இவள் அடுத்த தெருக் கடைக்கு நடந்துகொண்டிருந்தாள். அந்த மனிதர் கடைவாசல் பலகையில் சாக்பீஸால் பரிசு பெற்றவர் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார், நம்மைத் தவிரத் தெருவில் எல்லோரும் படித்தாயிற்று. சலவைக்காரர் வந்து சொன்னார், இவள் நம்பவில்லை. உன் பள்ளி வேன் டிரைவர் சொன்னார், அந்த ஆள் என்னைக் கடைக்கு வரவழைக்கப் பார்க்கிறார் என்றாள். பதினோராவது நாள் கடைக்காரரே தெருவுக்கு நடுவில் நின்று, "அக்கா, உங்க பெட்டியை எத்தனை நாளைக்கு நான் தூசி தட்டி வைக்கிறது, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம், வந்து எடுத்துட்டுப் போங்க" என்று கத்தினார். இவள் விறைப்பாகப் போய் நின்று, "இதுக்கு ஏதாவது காசு கட்டணுமா" என்று கேட்டாள். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "பரிசுக்கு எவனாவது காசு வாங்குவானாக்கா? என்னை என்ன திருடன்னு நெனைச்சீங்களா?" என்றார். நீ கவுன்ட்டர் மேல் நின்று கை தட்டினாய். இன்றைக்கும் அந்தப் பெட்டியில்தான் என் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன், ப்ளக் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன், மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறது.

இப்போது அந்தக் கடைக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து உன் மெயிலைப் படித்துப் பார். அவர் பதினோரு நாள் காத்திருந்தார், இவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணி தாண்டினால் பரிசு ரத்து என்கிறார்கள். அவர் தெருவுக்கே பலகையில் எழுதிப் போட்டார், இவர்கள் பணம் கைக்கு வரும் வரை பாதுகாப்புக்காக யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள். யாரிடமும் சொல்லக்கூடாத பரிசு என்றால், சொன்னால் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்தான், நீ எனக்குச் சொன்னாய், அந்த மட்டும் நல்லது. அவர் காசு என்ற வார்த்தையைக் கேட்டதற்கே கோபப்பட்டார், இவர்கள் பரிசை விடுவிக்கும் கட்டணம் என்று ஒன்று கேட்கிறார்கள், நீ முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முக்கால்வாசி. எட்டரைக் கோடி கொடுக்கிறவன் அந்தக் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ள மாட்டானா? அதைக் கட்டினால் வரி என்று இன்னொன்று வரும், அதைக் கட்டினால் காப்பீடு என்று மூன்றாவது வரும், கொடுக்கக் கொடுக்க, இவ்வளவு கொடுத்துவிட்டோமே என்பதற்காகவே மேலும் கொடுப்போம். அப்புறம் அனுப்பியவரின் முகவரியைப் பார், மேலே பெரிய எழுத்தில் உலகப் பேரதிர்ஷ்ட அறக்கட்டளை என்று இருக்கிறது, அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே இருப்பது நீயும் நானும் இரண்டு நிமிடத்தில் இலவசமாகத் திறந்துகொள்ளும் சாதாரண முகவரி. எந்தக் கூப்பன், எந்தக் கடை, எந்தத் தேதி, ஒரு வார்த்தை கிடையாது. அடையாள அட்டை நகலும் வங்கி விவரமும் மட்டும் இன்றே வேண்டுமாம். நீ பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி எடுக்கிறவள், பெயரும் தேதியும் ஒட்டாத ரத்த மாதிரிக் குப்பியை யாராவது கொண்டுவந்து கொடுத்து இது உங்க அப்பாவோடது, சீக்கிரம் என்றால் வாங்குவாயா?

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. போன வருஷம் அத்தைக்கு இதே மாதிரி ஒன்று வந்தபோது, "அத்தை, இதெல்லாம் ஃப்ராடு, தொடாதீங்க" என்று சொல்லிக்கொடுத்ததே நீதான், அத்தை அதை நேற்றுக்கூட நினைவுபடுத்தினாள். அப்படி இருக்க நீ எப்படி விழுந்தாய் என்று சனிக்கிழமை ராத்திரி முழுக்க யோசித்தேன். பதில் என் வேலைப் பெட்டியிலேயே இருந்தது.

அந்த மூன்று சிவப்பு ஒயர். சின்ன வயதில் உனக்குச் சொன்னதுதான், மறந்திருப்பாய், மறுபடி சொல்கிறேன். லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன பூட்டு முனை இருக்கும், கதவு ஒழுங்காக மூடினால்தான் அது தொடும், அத்தனை மாடிக்கும் ஒரே கம்பி, ஏதாவது ஒரு கதவு ஒரு நூல் திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க நாங்கள் அந்தக் கம்பியில் ஒரு சிவப்பு ஒயரைக் குறுக்கே மாட்டுவோம். மாட்டிவிட்டால் கதவு எதுவும் கணக்கில்லை, எல்லாம் திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும், கழற்ற மறந்தால் யாராவது கதவு திறந்திருக்கும் குழிக்குள் கால் வைப்பார்கள். அதற்காகத்தான் எண்ணி மூன்றே மூன்று வைத்திருக்கிறேன். உனக்கு மூன்று வயது இருக்கும், ஒரு நாள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் இரண்டுதான் இருந்தது. செருப்புகூடப் போடாமல் திரும்பி ஓடினேன், நான் போன நேரம் நல்ல நேரம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு நான் அப்படி ஓடியதைப் பார்த்த உன் அம்மா அடுத்த நாளிலிருந்து வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள், "மூணு இருக்கா?" இருக்கு என்றால்தான் உள்ளே விடுவாள், டீ அதற்கப்புறம்தான். கொஞ்ச நாளில் அந்த வேலையை நீ பிடுங்கிக்கொண்டாய், கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்று, பேச்சே சரியாக வராத வயதில் "மூணு இக்கா?" என்பாய், நான் சும்மா இரண்டுதான் இருக்கு என்று சொன்னால் ஓவென்று அழுவாய். எத்தனை வருஷம் கேட்டாய் நீ. ஒரு நாள்கூட விட்டதில்லை, அம்மா நம்மைவிட்டுப் போன வாரத்தில்கூட, வீடு முழுக்க ஆட்கள், நான் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் நாள், நீ கதவைத் திறந்து வேறு எதுவும் பேசாமல் அதைத்தான் கேட்டாய்.

அந்த மெயிலில் இருக்கும் சிவப்பு ஒயர் எது தெரியுமா, முதல் வரி. 'அன்புள்ள குருவி.' நான்தான் உன் அம்மாவைக் குருவி என்று கூப்பிடுவேன், அவள் பேசும் வேகத்துக்கு வைத்த பேர், வேறு யாரும் கூப்பிட்டதில்லை. எத்தனை கதவு திறந்து கிடந்தாலும் அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு உன்னை நகர்த்திவிட்டது. நீ மட்டும் இல்லை. உன்னிடம் ஒன்றை மறைத்தேன், இப்போது சொல்கிறேன். ஃபோனை வைத்த பிறகு மெஷின் ரூம் படியில் உட்கார்ந்து அதை மறுபடி திறந்தேன், அந்த வரிக்கு மேல் என் கண் போகவில்லை. இரண்டு வருஷம் நான்கு மாதமாக அந்தப் பேரை யாரும் உச்சரித்ததில்லை, நானும்தான். பதில் அனுப்பு என்ற இடத்தில் என் விரல் போய் நின்றது. என்ன எழுதப் போனேன் என்று கேட்காதே, தெரியாது. மேலே மோட்டார் நின்ற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷ அனுபவம், சான்றிதழ் மூன்று, உன்னை மூளை இருக்கா என்று கேட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை.

அந்தப் பேர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது, அதற்கு விடை நேற்றுக் கிடைத்தது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வரவேற்பில் இருக்கும் பெண் என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சார், இது நம்ம ஆபீஸுக்கும் வந்துச்சு சார், இருங்க காட்டுறேன்" என்று தன் கணினியைத் திருப்பினாள். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒட்டியிருக்கிறோமே, பழுதென்றால் எழுதுங்கள் என்று ஒரு முகவரி, லிஃப்ட், ஒரு புள்ளி, புகார், அந்தப் பெட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கிறது. அதே அறக்கட்டளை, அதே எட்டரைக் கோடி. முதல் வரி, 'அன்புள்ள லிஃப்ட்.' அவள், "நம்ம லிஃப்டுக்கு எட்டரைக் கோடி சார், இனிமே மூணாவது மாடியிலயெல்லாம் நிக்குமா அது, பணக்காரன் ஆயிடுச்சு, நேரா மேலதான் போகும்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன், மூன்று நாளில் முதல் தடவை. உன் மெயிலையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், உனக்கு மட்டுமே உரிய வெற்றி எண் என்று பதினோரு இலக்கம் இருக்கிறதே, இலக்கம் இலக்கமாகச் சரி பார்த்தேன், ஒன்றுகூட மாறவில்லை. குருவிக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண். அவர்களுக்கு யாரையும் தெரியாது பொடிசு. ஏதோ ஒரு மென்பொருள், முகவரியில் முதல் புள்ளி வரை வெட்டி, அதற்கு முன்னால் அன்புள்ள என்று ஒட்டுகிறது, நூறு ஆயிரம் என்று அனுப்பித் தள்ளுகிறது, அவ்வளவுதான். நம்முடையது, நீ இன்னும் திறந்து பார்க்கிற அம்மாவின் முகவரி, குருவி, ஒரு புள்ளி, வீடு. உன் பள்ளிக்கூடம் பெற்றோர் மெயில் முகவரி கேட்டபோது நான்தான் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைத் திறந்தேன், அவள் பேரில் ஏற்கனவே யாரோ வைத்திருந்தார்கள், சட்டென்று வந்ததைப் போட்டேன், "ஊருக்கெல்லாம் தெரியட்டும்னு போட்டீங்களா" என்று கேட்டு அவள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் அதே முகவரியைத்தான் ஒவ்வொரு கூப்பனிலும் அழகாக எழுதினாள். அந்தக் கூப்பன்களில் ஏதோ ஒன்று போகக்கூடாத கைக்குப் போயிருக்கலாம், அல்லது வேறு எங்கிருந்தாவது எடுத்திருக்கலாம், நிச்சயமாக எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அம்மா கூப்பன் வழியாக வந்தது என்று நீ சொன்னது ஒருவேளை உண்மையாகக்கூட இருக்கலாம், வந்தது பரிசு இல்லை, அதுதான் வித்தியாசம்.

ஆகையால் அந்த மெயிலுக்குப் பதில் போடாதே, திட்டிக்கூடப் போடாதே, பதில் வந்தால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இன்னும் பத்து அனுப்புவார்கள். அதில் இணைத்திருக்கும் விண்ணப்பத்தைத் திறக்காதே, இணைப்பை அமுக்காதே. சனிக்கிழமை கோபத்தில் ஏற்கனவே ஏதாவது அனுப்பியிருந்தால், கேள், நான் கத்த மாட்டேன், உன் வங்கிக்கு இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே போ, கணக்கை நிறுத்தி வைக்கச் சொல், கடவுச்சொல்லை மாற்று, சைபர் போலீஸில் புகார் கொடு, வெட்கப்பட்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கொஞ்ச நாளில் இன்னொருவன் வருவான், அவனும் இவன் பங்காளிதான். தேர்வுப் பணம் போனாலும் அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கு என்னிடம் சொல்ல பயம் வந்துவிட்டால் அதை எங்கே போய்ப் பழுது பார்ப்பது? உன் விடுதி அக்காவுக்கு ஃபோன் போட்டு உன் கார்டைப் பிடுங்கி வைக்கச் சொல்லலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்தேன். "அவ என்ன மூணு வயசுப் புள்ளையா, எழுதிச் சொல்லு, அதுக்கப்புறம் அவ பாடு" என்றாள் அத்தை. அதனால் செய்யவில்லை. பணம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது.

நன்றாக இரு மகளே. நேரத்துக்குச் சாப்பிடு, கூடத்தில் கையுறை போடாமல் எதையும் தொடாதே, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி இருபதாம் தேதி, அதற்கு முந்தின நாள் போய் வரிசையில் நிற்காதே, இந்த வாரமே கட்டிவிடு. அத்தை பின்னிய காலுறை இரண்டு ஜோடி இதோடு வருகிறது, ஒன்றில் ஒரு கால் கொஞ்சம் நீளம், புதுக் கண்ணாடிக்கு முன்னால் பின்னியது. எங்கள் ஆசி உன்னைவிட்டு எங்கே போகும், அம்மாவுடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்குக் கூரியர் கடை திறக்கும், முதல் ஆளாகப் போய் இதைக் கொடுப்பேன்.

2. எல்லா லிஃப்டிலும் புகார் முகவரிக்குக் கீழே, பரிசு விழுந்தது என்று வரும் மெயில்களை நம்ப வேண்டாம் என்று ஒரு வரி ஒட்டுவேன். லிஃப்டே ஏமாறவில்லை என்று சேர்க்கச் சொல்கிறாள் வரவேற்புப் பெண், யோசிக்கிறேன்.

3. குழாய்.

4. குருவி முகவரியை மூட மாட்டேன். இருக்கட்டும்.

5. சனிக்கிழமை மளிகைக் கடைக்குப் போவேன். இப்போது மகன்தான் நடத்துகிறார், பெட்டி அதேதான். ஒரு கூப்பன் எழுதி, விசிறி மடிப்பு மடித்து, உன் பேரில் போடுவேன். வயது, பத்தொன்பதே கால். மெயில் என்ற கட்டத்தைக் காலியாக விடுவேன். வாட்சைப் பார்க்க மாட்டேன்.

6. இருபத்து நான்காவது தடவை நான் கூப்பிட மாட்டேன். வியாழக்கிழமை ஆறரைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வருவேன், வாசலில் வேலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். நீ கூப்பிட்டால் மன்னிப்பு, விளக்கம், எப்படி இருக்கீங்க, ஒன்றும் வேண்டாம். "மூணு இருக்கா?" என்று மட்டும் கேள். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது, யாரும் கேட்பதில்லை, நானே எண்ணிக்கொண்டு உள்ளே போகிறேன்.

ஃபோனில் கத்தியவனும் இதை எழுதியவனும் ஒரே ஆள்தான்,
அப்பா